டிகிரி காபியில் டிகிரி எங்கிருந்து வந்தது?

'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை மாட்டிய கடைகள் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் வரிசையாக நிற்கின்றன. அந்த 'டிகிரி'க்குப் பல விளக்கங்கள் உண்டு. சிக்கரிதான் வாய்வழக்கில் டிகிரி ஆனது என்பார்கள். முதலில் இறங்கும் டிகாக்‌ஷன்தான் 'ஃபர்ஸ்ட் டிகிரி' என்பாரும் உண்டு. எனக்கு நம்பத் தோன்றுவது பாலைப் பற்றிய விளக்கம்: கருவியில் டிகிரி பார்த்துத் தேறிய நல்ல பாலில் போட்ட காபிதான் டிகிரி காபி. சிக்கரி காபித்தூளோடு கலக்கிற மலிவுச் சரக்கு. அதைப் போய் எந்தக் கடைக்காரர் பெருமையாகப் பலகையில் எழுதுவார்?

பாலின் தரத்தைப் பார்க்க உதவுவது லாக்டோமீட்டர், அதாவது பால்மானி. அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குமிழ், அதன் மேல் மெல்லிய தண்டு, தண்டில் கோடுகள். அவ்வளவுதான். பாலில் மிதக்க விட்டால், பால் அடர்த்தியாக இருக்கும் அளவுக்குத் தண்டு மேலே நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் முங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1000 கிராம். நல்ல பசும்பால் சுமார் 1030. அந்தக் கூடுதல் 30-தான் கருவி காட்டும் 30 டிகிரி. ஒன்பது பங்கு பாலில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினால் 27-க்கு இறங்கும். பாதிக்குப் பாதி என்றால் 15.

தண்ணீர்ப் பாலில் காபி எடுபடாது. பாலில் இருக்கும் கேசீன் புரதம் டிகாக்‌ஷனின் துவர்ப்பைப் பிடித்து அடக்கும். கொழுப்பு நாக்கில் கெட்டியைத் தரும். இரண்டும் குறைந்தால் கசப்புதான் முன்னால் நிற்கும்.

ஆனால் பால்மானியை ஏமாற்றுவது சுலபம். கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. அதனால் ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடி, 30 டிகிரி 34 வரைகூடப் போகும். அப்புறம் லிட்டருக்கு நூறு மில்லிக்கு மேல் தண்ணீர் விட்டாலும் கருவி பழையபடி 30 என்றே சொல்லும். வெண்ணெயும் லாபம், தண்ணீரும் லாபம்! கறந்த சூட்டில் பார்த்தாலோ நல்ல பாலுக்கே டிகிரி குறைவாகக் காட்டும். பாவம், ஒழுங்காக ஊற்றுகிறவர் மாட்டிக்கொள்வார்.

இதனால்தான் கூட்டுறவுச் சங்கங்களில் டிகிரியை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பதில்லை. கொழுப்பைத் தனியாக அளந்து, அதையும் பால்மானி அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு என்று கண்டுபிடித்து விலை வைக்கிறார்கள்.