எம்சிபி வரிசையாக இருக்கிறது, ஆர்சிசிபி எங்கே?

"லேசாத்தான் அடிக்குது அண்ணாச்சி. செருப்பு போட்டா தெரியல."

இந்த மழை ஆரம்பித்ததிலிருந்து நாகர்கோவிலில் நான் வேலைக்குப் போகிற ஃப்ளாட்டுகளில் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வாஷிங் மெஷின் அடிக்கிறது, ஃப்ரிட்ஜ் கைப்பிடி அடிக்கிறது, குளியலறைக் குழாயைத் தொட்டால் ஜிவ்வென்று இருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டால், "வந்ததிலிருந்தே அப்படித்தான்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெங்களூரு, புனே என்று எங்கேயோ வருடக்கணக்காக வேலை பார்த்தவர்கள், அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று இங்கே ஃப்ளாட் எடுக்கிறார்கள். சாமான் லாரியில் வருகிறது. வழியில் கட்டில் சட்டத்துக்கும் பீரோவுக்கும் நடுவில் ஃப்ரிட்ஜ் வயர் நசுங்கியிருக்கும், அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வாஷிங் மெஷினின் பெரிய பிளக் பால்கனியில் இருக்கிற சின்ன பாயிண்டில் நுழையாது. இறக்க வந்த பையன், கசியும் கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் முனையை உடைத்துவிட்டோ, கடையில் விற்கும் இரண்டு முனை கன்வர்ட்டரைப் போட்டோ சொருகிவிட்டுப் போவான். மெஷின் சுற்றுகிறது, கையெழுத்துப் போட்டு ஆளை அனுப்பிவிடுகிறார்கள்.

நான் போய் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் எங்கே என்று கேட்டால், வீட்டு லைன்களெல்லாம் பிரிகிற டிபி பாக்ஸைத் திறந்து பெருமையாகக் காட்டுகிறார்கள். "பாருங்க, எல்லா ரூமுக்கும் தனித்தனி எம்சிபி. ஷாக் அடிச்சா டப்புனு கட் ஆயிடும்." இதைச் சொல்பவர்களில் என்ஜினீயரிங் படித்தவர்களும் இருக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

கட் ஆகாது. தானாகக் கீழே விழுந்து கரண்ட்டைத் துண்டிக்கிற எம்சிபி ஸ்விட்ச் உங்களுக்காக வைத்ததே இல்லை, அது வயருக்காக வைத்தது. அளவுக்கு மீறி கரண்ட் ஓடி வயர் சூடேறி எரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை நாள் முழுக்க விடுவதற்குத்தான் 16 ஆம்பியர் எம்சிபி போடுகிறோம். ஈரக் கையோடு ஒருவர் தொட்டால் உடம்பு வழியாக ஓடுவது பெரும்பாலும் கால் ஆம்பியர்கூட இருக்காது. ஆனால் இதயத்துடிப்பு குலைந்துபோக 0.1 ஆம்பியரே போதும். அந்த 0.1 எம்சிபிக்குத் தெரியவே தெரியாது. லாரி எடைமேடையில் மூக்குத்தியை வைத்தால் முள் அசையுமா? அப்படித்தான். ஆள் விழுந்து கிடப்பார், எம்சிபி நிமிர்ந்து நிற்கும்.

எர்த் நன்றாக இருந்து, மெஷின் பாடியில் கரண்ட் வருகிற ஃபேஸ் வயர் நேராக ஒட்டிக்கொண்டால் எம்சிபி விழும், வாஸ்தவம். எர்த் முனையைத்தான் உடைத்தாயிற்றே!

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். டிபி பாக்ஸில் எம்சிபியைவிட அகலமாக, மேலே 'டெஸ்ட்' அல்லது 'டி' என்று சின்ன பட்டனோடு இருக்கும். அதன் முகத்தில் 30 மில்லிஆம்பியர், அல்லது 0.03 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று படியுங்கள். 100, 300 எல்லாம் தீப்பிடிக்காமல் இருக்கப் போடுவது, ஆளுக்கு ஆகாது. சிலர் அதை மாட்டிவிடுகிறார்கள்.

பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது செத்துப்போன ஆர்சிசிபி. விழுந்தால் அதோடு நிறுத்தாமல், வாஷிங் மெஷின் பாயிண்டிலும் கீசர் பாயிண்டிலும் கரண்ட் நின்றுவிட்டதா என்று பாருங்கள். சில வீடுகளில் ஆர்சிசிபி விழுந்தும் பாயிண்டில் கரண்ட் இருக்கும். இன்வெர்ட்டர் மாட்ட வந்தவர், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர்களைக் கலந்துவிட, ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருந்திருக்கும். கலந்த நியூட்ரலைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, ஆர்சிசிபியைச் சுற்றி ஒரு வயர் போட்டு வேலையை முடித்திருப்பார். என் தொழில்காரர்களைப் பற்றித்தான் சொல்கிறேன், கோபம் வந்தால் வரட்டும்.

"மழை வந்தாலே ஆர்சிசிபி ட்ரிப் ஆகுது, அதை எடுத்து விடுங்க" என்பது இன்னொரு கோரிக்கை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருடத்தில் பாதி மாதம் சுவர் ஈரம்தான். மாடிச் சுவர் வழியாக வயர் போகிற பைப்புக்குள் தண்ணீர் இறங்குகிறது என்றுதான் அது உங்களுக்குச் சொல்கிறது. தண்ணீரை நிறுத்துங்கள், சொன்ன ஆர்சிசிபியைக் கழற்றாதீர்கள். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் வீடு எடுத்தவர்கள் உப்புக்காற்று எர்த் கம்பியின் கிளாம்பைத் தின்றிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சில அபார்ட்மெண்டுகளில் எர்த் குழியே கண்ணில் படாது. மேலே பார்க்கிங் கல் பதித்து அழகாக்கியிருப்பார்கள்.

குடிவந்த அன்றைக்கே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். லாரியில் வந்த ஒவ்வொரு வயரையும் பிளக்கிலிருந்து மெஷின் வரை கையால் தடவிப் பாருங்கள், சொருகுவதற்கு முன்னால். எர்த் முனை உடைந்த பிளக்கைக் குப்பையில் போடுங்கள். கன்வர்ட்டரையும்தான். வாஷிங் மெஷினுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் போடுவது அரைநாள் வேலைகூட இல்லை. கழற்றி மாட்டிய கீசரில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் வந்த பிறகுதான் ஸ்விட்ச். வெறும் டேங்கில் போட்டால் சூடாக்குகிற காயில் எரிந்துபோய்விடும். லேசாக அடித்தாலும் மெயினை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், முதலில் மெயின், அப்புறம் ஆள், உடனே 108.

ஆர்சிசிபி இருக்கிறது என்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து விளையாட வேண்டாம். அதற்கு அது விழாது.

"வாடகை வீடுதானே, நாம ஏன் செலவு பண்ணணும்?" சரி. டிவிக்குப் பின்னால் கலர் லைட் ஒட்ட என்னைக் கூப்பிட்டபோது வாடகை வீடு என்று யாரும் சொன்னதில்லை. ஆர்சிசிபி மாட்டுவது இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் முடிகிற சமாச்சாரம். ஓனர் தரமாட்டேன் என்றால் நீங்களே வாங்கி ஆளை வைத்து மாட்டுங்கள். காலி செய்யும்போது ஆளை வைத்துக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். உங்கள் அம்மா அந்த ஈர பால்கனியில் வெறுங்காலோடு நின்றுதான் துணி எடுக்கிறார், தயவுசெய்து இந்த வாரமே செய்துவிடுங்கள்.