எண்ணெயை விட்டாச்சு, மோர்ச் சோறு?

ஸ்கேன் கவரை மேசையில் வைக்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்: "டாக்டர், நான் குடிக்கிறதே இல்லை." இந்த வாரத்தில் இவர் நான்காவது ஆள். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி, 46 வயது, கிரேடு 2 கொழுப்புக் கல்லீரல். குடிக்காதவர்தான், நம்புகிறேன். கூட வந்த மனைவிக்கு ஆற்றாமை. "ஆறு மாசமா எண்ணெயே சேர்க்கிறதில்லை டாக்டர். அப்பளத்தைக்கூடச் சுட்டுத்தான் போடுறேன்."

அப்பளம் பாவம்.

எண்ணெய்ச் சட்டியிலிருந்துதான் கல்லீரலுக்குக் கொழுப்பு போகிறது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! தேவைக்கு மேல் சாப்பிடும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பாக்கி வைத்துக்கொள்கிறது. நெல் விளையும் ஊரில் சோற்றைக் குறை சொன்னால் கோபம் வரும். வரட்டும். காலையில் ஆறு இட்லி. மதியம் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. இரவு தோசை. நடுவில் ஐந்து காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. விரலை மடக்கி எண்ணச் சொன்னேன். பத்து ஸ்பூன், மாதம் ஒரு கிலோவைத் தாண்டும். "நாட்டுச்சர்க்கரைதான் டாக்டர்" என்றார். அந்தப் பேதமெல்லாம் கல்லீரலுக்குத் தெரியாது.

அவர் அப்பாவும் இதே சோற்றைத்தான் சாப்பிட்டார். ஆனால் நாற்றுக்கட்டு சுமந்தார். மகன் வரப்பில் நின்று நடவு மெஷினைப் பார்க்கிறார்.

சரி, மோருக்குச் சோறு வேண்டாம், மோரைக் குடியுங்கள். தட்டில் பாதி கீரையும் காயும் இருக்கட்டும். உருளைக்கிழங்கு வறுவலைக் காய்க்கணக்கில் சேர்க்காதீர்கள். சுண்டல், முட்டை, குழம்பு மீன் தாராளமாகச் சாப்பிடலாம். காபி கல்லீரலுக்குப் பகையில்லை, அதில் போடும் சர்க்கரைதான் பகை. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் அழற்சி அடங்க 7 முதல் 10 சதவீதம் வரை குறைய வேண்டும். 80 கிலோ ஆளுக்கு முதல் படி 4 கிலோ. அதற்காகப் பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் இளைக்காதீர்கள், அதுவும் கல்லீரலுக்கு ஆகாது.

கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு அந்தச் சோற்றையே சாப்பிட்டால் கொழுப்பு எங்கே போகும்? கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் "எஸ்ஜிபிடி நார்மல்" என்ற தெம்பும் வேண்டாம். அது நார்மலாக இருக்கும்போதே உள்ளே தழும்பு ஏறியிருக்கலாம். கிரேடு என்பது கொழுப்பின் அளவைத்தான் சொல்லும், தழும்பை அல்ல. சர்க்கரை நோய் இருப்பவர்கள் தழும்புக்கான பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

பரிமாறும் அம்மாக்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவர் போதும் என்று கையை மறித்த பிறகும் "இன்னும் ஒரு கரண்டி" என்று நிற்காதீர்கள்.