சிசேரியனும் கன்றீற்று அறுவையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி மாடு வளர்க்கும் நம் குடும்பங்கள், கன்று வெளிவராமல் சினைமாட்டின் வயிற்றை அறுத்து எடுக்க நேர்ந்தால் அதையும் 'சிசேரியன்' என்றே சொல்கின்றன. ஜூலியஸ் சீசர் இவ்வாறு பிறந்ததால் வந்த பெயர் இது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அக்காலத்தில் தாய் இறந்த பிறகோ இறக்கும் தறுவாயிலோதான் வயிற்றை அறுத்தார்கள். சீசரின் தாய் ஆரேலியாவோ மகன் வளர்ந்து ஆளான பின்னும் உயிரோடிருந்தார். வெட்டுதலைக் குறிக்கும் 'கைடெரே' என்ற இலத்தீன் வினையையே வேராகக் காட்டுவர். மலாயின் 'பெடா'வும் நம் 'அறு'வும் அதே செயலைச் சொல்வதால், சிசேரியனுக்குத் தமிழில் வழங்கும் 'மகப்பேற்று அறுவை'யில் 'அறுவை' என்னும் பகுதி பொருத்தமானதே.

குறை முற்பகுதியில் உள்ளது. மாட்டுக்கும் 'மகப்பேற்று அறுவை' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கன்று, குட்டி, மறி, பறழ் என இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தொல்காப்பிய மரபியல் பிரித்துச் சொல்லியிருக்க, இன்றைய வழக்கில் மனிதக் குழந்தைக்கே உரிய 'மக'வை மாட்டின்மேல் ஏற்றுவானேன்? தலையீற்று, இரண்டாம் ஈற்று என்று மாட்டுக்காரர் நாள்தோறும் சொல்லும் சொல் கையிலேயே இருக்கிறது. 'ஈற்றறுவை' என்று மட்டும் எழுதினால் பல்லின் ஈறில் செய்யும் அறுவையோ என்ற மயக்கம் வரும். ஆகவே 'கன்றீற்று அறுவை' என்பதே என் தேர்வு.

இதற்குப் பெரும்பாலும் இடப்பக்க விலாவையே தேர்கிறார்கள். அங்கே மாட்டின் முதல் இரைப்பையான பெருவயிறு தடுப்பாக நிற்பதால் குடல் எளிதில் வெளியே சரிவதில்லை. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, மாட்டை நிற்கவைத்தே அறுக்கலாம்.

அறுவைக்குக் காரணமாகும் நிலைகளுள் 'கருப்பை முறுக்கு' ஒன்று. முறுக்கு பிறப்பு வழி வரை எட்டியிருந்தால், உள்ளே விடும் கைக்குப் பிழிந்த துண்டின் மடிப்புகளைப் போல அது சுற்றிச் சுற்றித் தட்டுப்படும். முதலில் மாட்டைப் படுக்கவைத்து, முறுக்கின் திசையிலேயே உருட்டிப் பார்ப்பார்கள். அதற்கும் அவிழாவிட்டால்தான் கத்தி.

வயிற்றிலேயே இறந்து நீர் வற்றிச் சுருங்கிய கன்றை 'உலர்கரு' எனலாம். அதற்கு முதலில் ஊசி மருந்து. அதிலும் வெளியேறாதபோது கருப்பையைத் திறந்து எடுப்பர். அங்கே ஈனுதலே நிகழாததால் 'ஈற்று' என்ற சொல்லும் பொருந்தாது. அதைக் 'கருப்பைத் திறப்பறுவை' என்றே குறிக்க வேண்டும்.