காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடுமா?

இடுப்பு பிடித்துக்கொண்டால் காலால் பிறந்த ஒருவரைக் கூட்டிவந்து மிதிக்கச் சொல்வது தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கும் வழக்கம். பிரசவத்தில் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்த பிள்ளைக்கு அந்தக் கைராசி, இல்லை, கால்ராசி உண்டு என்பது நம்பிக்கை. ராமநாதபுரம் கடற்கரைக்கு இடுப்பு வலி புதிதல்ல. கரைவலை இழுப்பவர்கள், வாலிநோக்கம் உப்பளத்தில் குனிந்தபடி உப்பு வாருபவர்கள், பாம்பன் பக்கத்துத் தீவுகளில் முங்கிப் பாசி எடுத்து ஈரமூட்டையாகச் சுமந்து வருகிற பெண்கள், நல்ல தண்ணீருக்காகக் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கித் தள்ளுகிறவர்கள் என்று முதுகை நம்பியே பிழைக்கிற கரை இது. மிதி வாங்கியவரிடம் கேட்டால், "மிதிச்ச நாலாம் நாளு வலைக்குப் போயிட்டேன்ல" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

இடுப்பு வலியில் பத்தில் ஒன்பது பங்குக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று விரல் வைத்துக் காட்டும்படியான காரணம் கிடைப்பதில்லை. புதிதாக வந்த வலி பெரும்பாலோருக்கு ஆறு வாரத்துக்குள் தானாகவே நன்றாகக் குறைந்துவிடும். நாட்பட்ட வலியும் ஒரே மட்டத்தில் நிற்காது, ஏறும், இறங்கும். நாம் வைத்தியரைத் தேடி ஓடுவது எப்போது? வலி உச்சத்தில் இருக்கும் நாளில். உச்சத்துக்கு அடுத்து இறக்கம்தான். ஆகவே அன்றைக்கு எதைச் செய்தாலும், தைலமோ, ஊசியோ, மிதியோ, மறுவாரம் அதற்கு நல்ல பெயர் வந்துவிடும். மிதிப்பவருக்கு மட்டுமல்ல, நகரத்து கிளினிக்கில் விலை உயர்ந்த இயந்திரத்தை வைத்திருப்பவருக்கும் இதே அதிர்ஷ்டம் அடிக்கிறது.

சரி, காலத்தின் வேலையையும் வைத்தியத்தின் வேலையையும் எப்படிப் பிரிப்பது? பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மிதி வைத்தியத்துக்கு ஓர் ஆய்வு நடத்துவதாகக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலில் தோன்றும் யோசனை எளிது: நூறு பேரை மிதிக்கச் சொல்லி, முன்னும் பின்னும் வலியைக் கேட்பது. ஏப்ரல் நடுவில் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுத் தொழிலாளி வீட்டில் இருக்கிறார், வலை தூக்கவில்லை, இரவில் தூங்குகிறார். ஜூனில் கேட்டால் எல்லோருக்கும் இடுப்பு தேவலை. மிதி ஜெயித்ததா, தடைக்காலம் ஜெயித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே காலத்தில், அதே ஊரில், மிதி வாங்காத இன்னொரு குழு வேண்டும்.

அந்தக் குழுவை எப்படிப் பிரிப்பது? அவரவர் விருப்பத்துக்கு விட்டால், நம்பிக்கை உள்ளவர்களும் இளவட்டங்களும் மிதிக்குப் போவார்கள். காலுக்கு வலி இறங்கி நடக்கவே முடியாதவர்கள் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவார்கள். தொடக்கத்திலேயே இரண்டு குழுவும் வேறு வேறு ஆட்கள். அதனால்தான் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களைப் பிரிப்பது. வயது, வேலை, மனநிலை, நாம் யோசித்தே பார்த்திராத வேறு எத்தனையோ விஷயங்கள் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டு வைக்கும் வழி அது ஒன்றுதான். அதையும் மறைவாகச் செய்ய வேண்டும். அடுத்த சீட்டு 'மிதி' என்று பதிவு செய்பவருக்கு முன்பே தெரிந்தால், வாசலில் நிற்கும் ஒடிசலான பாட்டியைப் பார்த்து, "நீங்க நாளைக்கு வாங்க பாட்டி" என்று இரக்கப்பட்டு அனுப்பிவிடுவார். ஆய்வு அந்த இடத்தில் கெட்டுப்போகும்.

குலுக்கிப் போட்டாலும் மனிதர்கள் சொன்ன பேச்சைக் கேட்பார்களா என்பது வேறு கேள்வி. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கிக் கால்வரை வலி இறங்குகிறவர்களுக்கு அறுவை சிகிச்சை நல்லதா என்று பார்க்க அமெரிக்காவில் ஸ்போர்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2006இல் வந்தது. அறுவைக்கு என்று சீட்டு விழுந்தவர்களில் பாதிப் பேர்தான் மூன்று மாதத்துக்குள் அறுவை செய்துகொண்டார்கள். அறுவை வேண்டாம் என்று விழுந்தவர்களில் நூற்றுக்கு 30 பேர் அதே மூன்று மாதத்தில் செய்துகொண்டுவிட்டார்கள். வலி தாங்காதவரைக் குலுக்கல் சீட்டைக் காட்டிப் பிடித்துவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. இப்படிக் கலந்துபோன பிறகும் முதலில் விழுந்த சீட்டின்படியேதான் கணக்குப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் குலுக்கியதற்கே அர்த்தமில்லை. விளைவு, அந்த ஆய்விலிருந்து நறுக்கென்று ஒரு பதில் கிடைக்கவில்லை.

மிதிக்கு வருவோம். ஒரு குழுவுக்கு மிதி, இன்னொரு குழுவுக்கு ஒன்றுமில்லை என்று வைத்தால், மிதி வாங்கியவருக்கு நம்பிக்கை, கவனிப்பு, நாலு பேர் கூடி நின்று விசாரித்த ஆறுதல் எல்லாம் சேர்ந்து கிடைக்கிறது. சும்மா இருந்தவருக்கு ஏமாற்றம். இதைச் சமன் செய்ய ஒரு குறும்பான வழி இருக்கிறது: இரண்டாவது குழுவையும் மிதிக்கச் சொல்லலாம், ஆனால் தலையால் பிறந்தவரைக் கொண்டு. அதே எடை, அதே மூன்று மிதி, அதே வெற்றிலை பாக்கு. படுத்திருப்பவருக்கும் தெரியக்கூடாது, பிறகு வந்து வலியைக் குறித்துக்கொள்பவருக்கும் தெரியக்கூடாது.

சிரிக்க வேண்டாம். ஜெர்மனியில் அக்குபங்சருக்கு ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில் நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேர் இருந்தார்கள். ஒரு குழுவுக்கு முறைப்படியான இடங்களில் ஊசி. இன்னொரு குழுவுக்கு அந்த இடங்களைத் தவிர்த்து, மேலோட்டமாகப் பாவனை ஊசி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான மருந்தும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, பாவனைக் குழுவில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. ஊசி வழக்கமான சிகிச்சையை ஜெயித்தது என்பது உண்மை. எந்த இடத்தில் குத்தினாலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதும் உண்மை. என்னைக் கேட்டால் இரண்டாவது உண்மைதான் கனமானது: புள்ளி பார்த்துக் குத்தும் வித்தைக்கென்று தனிச் சிறப்பு எதுவும் அதில் தெரியவில்லை.

நம்பிக்கையின் பலத்தைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. லிஸ்பனில் 97 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. பாதிப் பேரிடம் "இதில் மருந்தே இல்லை, வெற்று மாத்திரை" என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களுக்கு மற்றவர்களைவிட வலி குறைந்திருந்தது. வலி குறைந்தது என்று சொன்னது அவர்கள் வாய்தான், அதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் வலிக்கு வேறு சாட்சி ஏது?

அளவிடுவதில் உள்ள பெரிய தலைவலி இதுதான். ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கிற மாதிரி வலியைப் பார்க்க ஒரு கருவி இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே என்பார்கள். வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் இருபது வயதில் 30, எண்பது வயதில் 84. நரை விழுவது மாதிரி வயதோடு வருகிற சங்கதி இது. 'டிஸ்க் விலகிடுச்சு' என்ற ஒரு சொல்லைக் கேட்டு, வருடக்கணக்கில் குனியவே பயந்து வாழ்கிற மனிதர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே கேட்டுத்தான் அளக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்பது ஒரு வழி. அன்றாட வேலையில் எதெல்லாம் முடியவில்லை என்று 24 வாக்கியங்களில் கேட்கும் ரோலண்ட்-மோரிஸ் வினாத்தாள் இன்னொன்று. அது 1983இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இவற்றில் எதை, எந்த வாரத்தில் வைத்து ஜெயிப்பு தோல்வி சொல்லப்போகிறோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். இந்தியாவில் அதற்கான பொதுப் பதிவேடு 2007இல் வந்தது. 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயம். பத்து விஷயங்களை அளந்துவிட்டுத் தற்செயலாக நன்றாக வந்த ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிக்கும் வேலைக்கு இது ஒரு கடிவாளம்.

இப்படிச் சலித்தெடுத்தால் என்ன மிஞ்சுகிறது? கொஞ்சம்தான். ஆஸ்திரேலியாவில் புதிதாக இடுப்பு வலி வந்த 1,652 பேருக்கு பாரசிட்டமாலையும் வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள், 2014இல் முடிவு வந்தது. நேரம் தவறாமல் மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேர் குணமாக 17 நாள், தேவைக்கு எடுத்தவர்களுக்கு 17 நாள், வெற்று மாத்திரைக்கு 16 நாள். அதே நாட்டில் புதிதாக இடுப்பு வலியோ கழுத்து வலியோ வந்த 347 பேருக்கு ஓபியாய்டு வகை மருந்தை, அதாவது அபின் இனத்து வலி மருந்தை, சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. படுத்து ஓய்வெடுக்கும் பழைய அறிவுரையும் தேறவில்லை. ஹெல்சிங்கி மாநகர ஊழியர்கள் 186 பேரிடம் 1995இல் பார்த்ததில், முடிந்தவரை வழக்கம்போல் நடமாடியவர்கள்தான் படுத்தவர்களையும் தனிப் பயிற்சி செய்தவர்களையும்விட நன்றாகத் தேறினார்கள்.

நம்பிக்கை தருகிற முடிவுகளும் உண்டு. வலி வந்து குணமான 701 பேரை வைத்து 2024இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் துணையோடு படிப்படியாக நடைப்பழக்கத்தைக் கூட்டிக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112. நாட்பட்ட வலி உள்ள 492 பேரிடம், பயந்து தவிர்க்கும் அசைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் செய்யப் பழக்கியது 2023இல் வந்த இன்னொன்று. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட ரோலண்ட்-மோரிஸ் வினாத்தாளில் 24க்கு நாலரைப் புள்ளி அளவுக்குத் தேறினார்கள், ஒரு வருடம் கழித்தும் அது நிலைத்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு அசைவைக் காட்ட முதுகில் ஒட்டிய சென்சார் கூடுதலாக எதையும் தரவில்லை. ஆனால் நடைக்கும் பயிற்சிக்கும் பாவனை வடிவம் கிடையாது. நடப்பவருக்குத் தான் நடக்கிறோம் என்று தெரியும். இந்த இரண்டு ஆய்விலும் நம்பிக்கையின் பங்கைத் தனியாகக் கழித்துப் பார்க்க வழியில்லை.

எல்லோரையும் ஆய்வில் சேர்த்துவிடவும் முடியாது. கால் மரத்து பலம் குறைந்தவர், சிறுநீர் மலம் கட்டுப்படாதவர், காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் வலி வந்தவர், விழுந்தபின் வலி வந்த வயதானவர் ஆகியோரை முதலிலேயே பிரித்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும். முதுகெலும்பில் காசநோய் இருக்கும் ஒருவரை, எலும்பு தேய்ந்த ஒரு பாட்டியை, யார் மிதித்தாலும் ஆபத்து. நெறிமுறைக் குழு நம் கற்பனை ஆய்வை வாசலிலேயே திருப்பி அனுப்பினாலும் ஆச்சரியமில்லை.

இன்னொரு குறை எனக்கு உறுத்துகிறது. 'வழக்கம்போல் நடமாடுங்கள்' என்ற முடிவு மாநகர ஊழியர்களிடமிருந்து வந்தது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசிக்கு முங்குகிற ஒரு பெண்ணுக்கு வழக்கம்போல் என்றால், கொந்தளிக்கும் தண்ணீரில் பாறையைப் பிடித்தபடி மணிக்கணக்கில் குனிவது, பிறகு ஈரமூட்டையைத் தூக்குவது. ரோலண்ட்-மோரிஸ் வினாத்தாளில் மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடிக்கிறீர்களா, காலுறை மாட்டக் கஷ்டமா, நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்றெல்லாம் வருகிறது. படியே இல்லாத ஓட்டு வீட்டில், தரையில் உட்கார்ந்து எழுந்து, செருப்புகூட இல்லாமல் மணலில் நடக்கிறவருக்கு இவற்றால் என்ன அளக்க முடியும்? குடம் தூக்குவது, அம்மி அரைப்பது, படகைக் கரையேற்றத் தோள் கொடுப்பது என்று இந்தக் கரையின் வேலைகளைக் கேட்டு எழுதி, ஒரே ஆளிடம் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை கேட்டால் பதில் மாறாமல் வருகிறதா, வலி குறைந்தவருக்குப் புள்ளியும் குறைகிறதா என்று சரிபார்க்க வேண்டும். அந்த வினாத்தாள் கையில் இருந்தால்தான் குலுக்கலுக்கே போக முடியும்.