நான்சென்ஸ் பாட்டு: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நான்சென்ஸ் என்றால் பொருளற்றது. ஆளைப் பார்த்துச் சொன்னால் சண்டை வரும், பாட்டோடு சேர்த்துச் சொன்னால் அது ஓர் இலக்கிய வகை. எட்வர்ட் லியர் என்ற ஆங்கிலேய ஓவியர், டெர்பி பிரபுவின் மாளிகையில் பறவைகளையும் விலங்குகளையும் வரையப் போன இடத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கிறுக்கிய ஐந்தடிப் பாட்டுகளை 1846இல் புத்தகமாகப் போட்டபோது தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்தார். அது நிலைத்துவிட்டது.

தமிழில் 'அபத்தக் கவிதை' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை, அபத்தம் என்றதும் பெரியவர்களின் நாடகமும் விரக்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. 'பொருளற்ற பாடல்' பாதிதான் சரி. ஏனென்றால் இதில் பொருள்தான் போகும், இலக்கணம் போகாது. 'தொம்பலான் கிறுமையைச் சிலுமினான்.' இதில் ஒரு சொல்லும் அகராதியில் இல்லை, ஆனாலும் சிலுமியது யார், எதைச் சிலுமினான், எப்போது என்று கேட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும், ஐ உருபும் இறந்தகால இடைநிலையும் ஆன் விகுதியும் காட்டிக்கொடுத்துவிடும். 'ஆலிஸ்' கதைகள் எழுதிய ஆங்கிலேயர் லூயிஸ் கரோலின் 'ஜாபர்வாக்கி' (1871) என்ற பாட்டு நிற்பதும் இந்தக் காலில்தான்.

அதனால் என் ஓட்டு 'உளறல் பாட்டு'க்கு. மயங்க வைத்தல், மாறுகொளக் கூறல் என்று நன்னூல் அடுக்கும் குற்றங்களெல்லாம் இங்கே அழகு! நமக்கும் இது புதிதில்லை: மண்ணைக் கரைபோல் குவித்துத் துரும்பை ஒளித்துக்கொண்டே 'கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்' பாடுகிறோமே, அங்கே தாம்பாளம் ஏது?

சரி, பிள்ளைகளை எழுத வைப்பது எப்படி? வங்காளத்தில் சுகுமார் ராய் 'ஆபோல் தாபோல்' (1923) நூலில் வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டி 'ஹாஸ்ஜாரு' செய்தார். தமிழில் ஆமையின் கடைசி எழுத்தில் மைனாவைத் தொடங்கினால் ஆமைனா, கொக்கின் வாலில் குதிரையைக் கட்டினால் கொக்குதிரை. அது எங்கே தூங்கும், என்ன தின்னும் என்று கேட்டுக்கொண்டே போனால் பிள்ளைகள் வாயிலிருந்து வரிகள் வரும்:

ஆமைனா ஆமைனா எங்கே போறே?
ஓட்டைத் தூக்கிப் பறக்கப் போறேன்!

கைதட்டிப் பாடச் சொல்லுங்கள். தாளம் எங்கே தடுக்குகிறதோ அந்தச் சொல்லை அவர்களே மாற்றிவிடுவார்கள், அப்புறம் எழுதச் சொல்லலாம்.