மூன்று வேளைப் பால் எங்கே போனது?

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு பால் கொள்முதல் நிலையம். பட்டுவாடா நாளில் பிரிண்டர் கோளாறு என்று கூப்பிட்டிருந்தார்கள், போயிருந்தேன். வயதான அம்மா ஒருவர், பால் ஊற்றியதற்கு ஒவ்வொரு வேளையும் கொடுத்த சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு மேஜையில் வைத்தார். “இன்னாபா, பத்து நாளைக்கு இருவது வேளை ஊத்திக்கீறேன். உங்க பொட்டி பதினேழுன்னு காட்டுது.” எண்ணிப் பார்த்தோம். சீட்டு 20 இருந்தது, கணக்கில் 17தான். அந்தக் கணக்கைப் போடும் மென்பொருளில் பாதி என் கைவேலை என்பதை அங்கே நான் வாய் திறந்து சொல்லவில்லை.

வேலை இதுதான். ஒவ்வொரு நிலையத்திலும் பாலை ஊற்றியதும் எடைத்தட்டு லிட்டரைச் சொல்லும், அனலைசர் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) சொல்லும். மூன்றையும் சேர்த்து ஒரு மெசேஜாக்கி சிம் கார்டு வழியே அங்கிருக்கும் சிறு கணினிப் பெட்டி அனுப்பும். அது காஃப்காவில், அதாவது மெசேஜ்களை வரிசையில் வைத்திருக்கும் மென்பொருளில், வந்து விழும். அங்கிருந்து எங்கள் ஸ்ட்ரீம் புரோகிராம் ஒவ்வொன்றாக எடுத்து, விலை போட்டு, உறுப்பினர் கணக்கில் ஏற்றும். காலை 6 மணிக்குத் தொடங்கினால் 8 வரை மூச்சு விட நேரமிருக்காது.

இதற்குச் சில மாதம் முன்பு ஒரு காலையில், ஒரு பெட்டி கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு அனுப்பியது. அதை எண்ணாக மாற்றப் போன வரி எக்செப்ஷன் வீசியது (‘இதைச் செய்ய முடியாது’ என்று கை தூக்குவது), புரோகிராம் செத்தது, தானாக மறுபடி எழுந்தது. எதுவரை படித்தாயிற்று என்ற குறி (ஆஃப்செட்) கமிட் ஆகவில்லையே, அதே மெசேஜைத்தான் திரும்ப எடுத்தது. மறுபடி செத்தது. நிலைய எண்ணை வைத்துக் காஃப்கா வரிசையைப் பல கிளைகளாக, அதாவது பார்ட்டிஷன்களாக, பிரித்திருந்ததால், அந்தப் பார்ட்டிஷனில் இருந்த நிலையங்கள் மட்டும் பின்னால் வரிசையில் நின்றன. மற்றவை ஓடிக்கொண்டிருந்தன. அதனால் 9 மணி வரை யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் நான் செய்த வைத்தியம்: சுற்றி, எக்செப்ஷன் வந்தால் பிடித்துக்கொள்ளும் ஒரு டிரை-கேட்ச், லாகில் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவேடு) ஒரு வரி, அடுத்த மெசேஜுக்குப் போ. அன்று எல்லோரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த கேட்ச்தான் அந்த அம்மாவின் மூன்று வேளையைத் தின்றது. லாகைத் தோண்டினால் இப்படி ஒன்று கிடைத்தது: காலை வேளை, 6.5 லிட்டர், கொழுப்பு 7.4, எஸ்.என்.எஃப். 9.1. கொழுப்பு 2.5 முதல் 7 வரை என்று ஜெர்சிக் கலப்பின மாடுகளை மனதில் வைத்து நாங்கள் விதி எழுதியிருந்தோம். அந்த அம்மா வைத்திருந்தது எருமை. 6.8 வந்த நாளெல்லாம் உள்ளே போயிற்று, 7ஐத் தாண்டிய மூன்று வேளை மட்டும் எக்செப்ஷனாகி மறைந்தது.

இங்கே இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பியிருந்தோம். தரம் குறைந்த பால் வேறு, பிழையான மெசேஜ் வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுகோலில் பசும்பாலுக்குக் குறைந்தது கொழுப்பு 3.2, எஸ்.என்.எஃப். 8.3 விழுக்காடு வேண்டும். ஒருவர் பாலில் 2.9 வந்தால் அதற்கு விலை குறையலாம், ஆனால் அந்த மெசேஜ் உண்மையைத்தான் சொல்கிறது. அதைச் சோதனைக் கட்டத்திலேயே தள்ளிவிட்டால் பால் ஊற்றியதற்கே சாட்சி இல்லாமல் போகும். வேலிடேஷன் (மெசேஜ் சரிபார்ப்பு) எல்லையை எழுத உட்காரும்போது நான் இப்போது கேட்கும் கேள்வி ‘இது நல்ல பாலா’ என்பதில்லை. ‘இப்படி ஓர் அளவு உலகத்தில் வர வாய்ப்பே இல்லையா’ என்பதுதான்.

பிறகு புரோகிராமின் கிளாஸ்களை (டேட்டாவும், மெத்தட் எனும் அதன் வேலைகளும் சேர்ந்த அச்சுகள்; அவற்றில் வார்ப்பது ஆப்ஜெக்ட்) பிரித்துப் போட்டோம். முதலில் எல்லாச் சோதனையும் மெசேஜ் கிளாஸுக்குள்ளேயே ஒரு மெத்தடாக இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆப்ஜெக்ட் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது என்று. ஆனால் உறுப்பினர் எண் சரியா என்று பார்க்க டேட்டாபேஸ் வேண்டும், இதே சீட்டு முன்பே வந்ததா என்று பார்க்க நினைவு வேண்டும். கடைசியில் ஒரு துளி டேட்டாவைச் சுமக்க வந்த கிளாஸ் முழு நிலையத்தையும் இழுத்துக்கொண்டு அலைந்தது.

இப்போது மெசேஜுக்குள் இருப்பது உருவச் சோதனை மட்டும். கொழுப்பு என்பது வெறும் தசம எண்ணாக (டபுள்) இல்லாமல் தனி கிளாஸ். அதை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரைத் தாண்டி அர்த்தமில்லாத மதிப்பு உள்ளே வர முடியாது. இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் விழுந்தவன். ‘2ஐவிடக் குறைவா அல்லது 12ஐவிட அதிகமா, அப்படியானால் தள்ளு’ என்று எழுதியிருந்தேன். ஒரு பெட்டி சுழியைச் சுழியால் வகுத்து ‘நேன்’ (‘எண் அல்ல’ என்று பொருள்) என்று அனுப்பியது. மெசேஜை எழுதும் வடிவமான ஜேசனின் இலக்கணப்படி அதற்கு இடமில்லை, ஆனால் பைத்தானின் ஜேசன் லைப்ரரி சொல்லிவைக்காவிட்டால் அதை வாங்கிக்கொள்ளும். நேனைக் குறைவா, அதிகமா, சமமா என்று எதோடு ஒப்பிட்டாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். 2ஐவிடக் குறைவா? இல்லை. 12ஐவிட அதிகமா? இல்லை. அப்படியானால் நல்ல பால்! உள்ளே போய் அந்த நிலையத்தின் அன்றைய மொத்தத்தையும் நேனாக்கியது. இப்போது ‘2க்கும் 12க்கும் நடுவில் இருந்தால் மட்டும் விடு’ என்று திருப்பி எழுதியிருக்கிறோம்.

அடுத்த அடுக்கு விதிகள். விதி என்று ஓர் இன்டர்ஃபேஸ் (என்ன மெத்தட் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம்), அதில் ஒரே மெத்தட். பசும்பாலுக்கு ஒரு விதி ஆப்ஜெக்ட், எருமைப்பாலுக்கு ஒன்று. பால் வகையைப் பார்த்து அந்தந்தப் பட்டியல் ஓடும். நடுவில் இஃப்-எல்ஸ் ஏணி இல்லை. காஃப்காவைக் கிளப்பாமலே ஒவ்வொரு விதியையும் தனியாக டெஸ்ட் செய்ய முடிவது கூடுதல் நிம்மதி. விதி எக்செப்ஷன் வீசக் கூடாது. மூன்றில் ஒரு விடையைத் திருப்பித் தர வேண்டும்: ஏற்பு, நிறுத்திவைப்பு, நிராகரிப்பு. ஜாவா 17இல் வந்த சீல்டு இன்டர்ஃபேஸில் (இன்னின்ன வகைகள்தான் என்று மூடிவைத்தது) இதை எழுதி, ஸ்விட்ச் எக்ஸ்பிரஷனில் பிரித்தால், மூன்றில் ஒன்றைக் கையாள மறந்தாலும் கம்பைலரே விடாது (ஸ்விட்சில் வகை பார்த்துப் பிரிப்பது முறையாக வந்தது ஜாவா 21இல்). நிராகரிப்பும் நிறுத்திவைப்பும் வெறும் லாக் வரியாக முடியாமல், மூல மெசேஜ், தடுத்த விதியின் பெயர், அந்த விதியின் பதிப்பு எண் மூன்றோடும் காஃப்காவில் தனி டாபிக்குக்கு, அதாவது தனி வரிசைக்கு, போகும். பதிப்பு எண் எதற்கென்றால், பழைய மெசேஜ்களை மறுபடி ஓட்டும்போது அன்றைய விதியில் மாட்டியதா இன்றைய விதியில் மாட்டியதா என்று தெரிய வேண்டும்.

நினைவு தேவைப்படும் சோதனைகள் கடைசியில், ஸ்ட்ரீமின் நினைவுக் கிடங்கான ஸ்டேட் ஸ்டோர் பக்கம். மலையடிவார ஊர்களில் சிக்னல் வந்து வந்து போகும். பதில் வராத பெட்டி அதே மெசேஜைத் திரும்ப அனுப்பும். ஒரே உறுப்பினர், ஒரே வேளை என்றால் நகல் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. மறந்த கேனை எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை வருபவர்கள் உண்டு. சீட்டு எண்ணையும் சேர்த்தால்தான் அடையாளம் நிற்கும். நேரம் இன்னொரு தலைவலி. கடிகார பேட்டரி தீர்ந்த பெட்டி, கணினிக் கடிகாரம் சுழியிலிருந்து எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1, நம்மூர் நேரம் காலை 5:30க்குப் பால் ஊற்றியதாகச் சொல்லும். நம்மூர் நேரத்தை யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என்று ஒட்டி அனுப்பும் பெட்டி ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் கறந்துகொண்டிருக்கும். இரண்டையும் நாங்கள் நிராகரிப்பதில்லை, நிறுத்திவைக்கிறோம். பால் உண்மை, நேரம்தான் பொய். நிலையத்து எழுத்தர் காலை வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலைப் பார்த்துத் திருத்தி விடுகிறார்.

அந்த அம்மாவின் மூன்று வேளைக்கு வருகிறேன். காஃப்காவில் வேறு ஏதும் சொல்லிவைக்காவிட்டால் 168 மணி நேரம், அதாவது 7 நாள் தாண்டிய பழையதை அது அழிக்கத் தொடங்கிவிடும். பட்டுவாடாவோ 10 நாளுக்கு ஒருமுறை. நாங்கள் போய்ப் பார்த்தபோது ஒரு வேளைக்கான மெசேஜ் மட்டும் மிச்சமிருந்தது. லாகில் ஒரு வரி இருந்ததே தவிர, உறுப்பினர் எண்ணை அதில் எழுத எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மீதி இரண்டையும் அவருடைய சீட்டைப் பார்த்துக் கையால் ஏற்றினோம். ஏற்றி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றிருந்தவர், சீட்டுகளைத் திருப்பி வாங்கி, எண்ணி, ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டார்.