தனுஷ்கோடி மணலின் இரண்டு வேகங்கள்

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரை நெருங்கிப் பார்த்தால், அதன் கற்களில் தேனடையின் அறைகளைப் போன்ற சிறு குழிகள் அடர்ந்திருப்பதைக் காணலாம். அவை மலையில் வெட்டிய கற்கள் அல்ல, கடலில் வளர்ந்த பவளப்பாறைக் கற்கள். உருண்டு திரண்ட வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு முழ உயரமுள்ள கல் உருவாக அரை நூற்றாண்டுக் காலம் ஆகும் என்று இதைக்கொண்டு கணக்கிடலாம். அத்தகைய கற்களால் எழுந்த அந்த ஊரை, 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் புயலோடு புகுந்த கடல் சில மணி நேரத்தில் அழித்துவிட்டது.

நிலத்தின் மேற்பரப்பை மாற்றும் இயற்கைச் செயல்களை மெதுவானவை, விரைவானவை என்று பள்ளியில் இரண்டாகப் பிரித்துப் படித்திருக்கிறோம். அந்தப் பிரிவு தவறன்று; ஆனால் இராமநாதபுரம் கடற்கரையைப் புரிந்துகொள்ள அது போதாது. இங்கே மெதுவான செயல் குவித்து வைத்ததையே விரைவான செயல் கலைக்கிறது. அந்த விரைவான செயல் எவ்வளவு வலிமை கொள்ளும் என்பதையும் பெருமளவுக்கு மெதுவான செயலே முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகின் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத பாக் விரிகுடா அப்போது வறண்ட நிலமாக இருந்தது. தமிழகமும் இலங்கையும் ஒரே நிலப்பரப்பின் பகுதிகளாக இருந்தன. பனி உருக உருகக் கடல் ஏறி, 6,000 அல்லது 7,000 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இன்றைய நிலையை எட்டியது. இராமேசுவரம் தீவின் கரையோரத்தில் நீருக்கு மேலே தெரியும் இறந்த பவளத்திட்டுகள் ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமை உடையவை. பவளம் நீருக்குள் மட்டுமே வளரக்கூடியது என்பதால், அக்காலத்தில் கடல் சற்று உயர்ந்திருக்க வேண்டும், அல்லது நிலம் பின்னர் மேலெழுந்திருக்க வேண்டும்.

இந்த ஆழமற்ற தளத்தின்மேல் மணலைக் கொண்டுவந்து சேர்ப்பவை இரண்டு பருவக்காற்றுகள். இராமேசுவரத்து மக்கள் தீவின் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் அழைக்கிறார்கள். ஒன்றின் சீற்றத்தையும் மற்றொன்றின் அமைதியையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் ஆண் கடலின் அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதுகின்றன. சாய்வாக ஏறும் அலை மணலையும் சாய்வாகவே மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரோ சரிவின் போக்கில் நேராக இறங்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் மணல் துகள் இவ்வாறு ஒரு சிறு கோணலான அடி எடுத்துவைத்து, நாள் முழுவதும் கரையோரமாகவே நடந்துகொண்டிருக்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் நிலைமை மாறி, வங்கக்கடலின் நீர் பாக் விரிகுடா வழியாகத் தெற்கு நோக்கி ஓடுகிறது. இந்த இருபுறத் தள்ளலுக்கு நடுவே, கடலுக்குள் நீண்ட ஒரு மணல் நாக்காகத் தனுஷ்கோடி உருவாகியிருக்கிறது. அதற்கு அப்பால் தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குத் தொடரும் மணல் தீடைகள் பருவத்துக்குப் பருவம் வடிவம் மாறுகின்றன. நாக்கின் நுனிக்கு அரிச்சல்முனை என்று பெயர். அரிப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இனி 1964-க்கு வருவோம். புயலின் நடுவே காற்றழுத்தம் குறைவதால் கடல் உப்பி எழும் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது உண்மைதான் என்றாலும் சிறு பங்குதான்: அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் உயரும், 50 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலும் அரை மீட்டரைத் தாண்டாது. அன்று நீர் 3 முதல் 6 மீட்டர் வரை எழுந்ததாக மதிப்பிடப்படுகிறது. மீதியைச் செய்தவை காற்றும் கடலின் ஆழமின்மையும் ஆகும். ஆழ்கடலில் காற்று மேல்நீரைத் தள்ளினால், அடிநீர் எதிர்த்திசையில் ஓடி அதை ஈடுகட்டிவிடும். ஆழமற்ற கடலில் அவ்வாறு திரும்பி ஓட இடம் இல்லாததால் நீர் கரையில் குவிகிறது. காற்றின் வேகமும் அது வீசும் தொலைவும் மாறாதிருக்க, ஆழம் பாதியானால் குவியும் உயரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நமது அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால், அதன் மையத்துக்கு மேற்கே காற்று வடக்கிலிருந்து வீசும். இலங்கையைக் கடந்து வந்த அந்தப் புயலின் முன்னே, அமைதியானது என்று பெயரெடுத்த பெண் கடலே தெற்கு நோக்கிச் சரிந்தது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் பயணியர் தொடர்வண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் அந்த நீரில் அடித்துச் செல்லப்பட்டது.

உயர்ந்த நீரின்மேல் அலைகளும் ஏறி வந்தன. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. எனவே 3 மீட்டர் அலையில் அரை மீட்டர் அலையைப் போல 36 மடங்கு ஆற்றல் உண்டு. பல பருவங்கள் கூடிச் சேர்த்த மணலை ஒரே இரவு இடம்பெயர்த்தது இதனால்தான். அவ்வாறு பெயர்ந்த மணல் காணாமற்போவதில்லை. அடுத்து வரும் பருவங்களின் சிறு அலைகள் அதில் ஒரு பகுதியைத் திரும்பக் கரையேற்றும். எஞ்சியது வேறொரு தீடையாகக் குவியும். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை அடுக்கிய 21 தீவுகளும் பவள உடைசலும் மணலும் சேர்ந்து உருவானவையே. காரைச்சல்லி, விலங்குசல்லி என்று அவற்றின் பெயர்களில் உடைகல்லைக் குறிக்கும் ‘சல்லி’ வருவது தற்செயலன்று என்றே எண்ணுகிறேன். கடலுக்கு முகம்கொடுத்து நிற்கும் பவளப்பாறை அலையை முன்னதாகவே உடைத்துவிடுவதால்தான் அதன் பின்னே இந்த உடைசல் தங்குகிறது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல காலம் பாறையை வெட்டி எடுத்தபோது அந்த ஏற்பாடு குலைந்தது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகளும் நீருக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவு, முன்பு ஏறத்தாழ 16 ஹெக்டேராக இருந்தது, 2015 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அதற்குப் பிறகு அத்தீவின் முன்னே கடலடியில் துளையிட்ட கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கினார்கள். அலை இப்போது முதலில் அவற்றின்மேல் உடைகிறது. அவற்றின் பின்னே மணல் மீண்டும் படியத் தொடங்கியிருக்கிறது.